பாக்ஸ்ப்ரோ அண்ணாச்சியும் பைத்தான் தம்பியும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான சாக்கு சொல்லலாம்தான். ஆனா இந்தத் தடவை ஆணி ஆபீஸ்ல இல்லை, ராஜபாளையத்துல. அதுவும் சம்பளம் இல்லாத ஆணி.

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். இது டெக்னிகல் பதிவு மாதிரி இருக்கும், ஓடிடாதீங்க. ப்ரோக்ராமிங் தெரியாத மக்களுக்கும் புரியற மாதிரிதான் எழுதப் போறேன். கதையில வில்லன் யாருன்னு கேட்டீங்கன்னா, அடியேன்தான்.

நமக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். சென்னைக் கம்பெனிதான், ஆனா வாரத்துல பாதி நாள் வீட்லேர்ந்தே வேலை பார்க்கலாம்னு ஆனதும் ஊருக்கே வந்துட்டேன். மாடில உட்கார்ந்து லேப்டாப்பைத் தொறந்தா எதிர்ல கோபுரம். இப்படிச் சொகுசா இருக்கறவனைச் சொந்தக்காரங்க சும்மா விடுவாங்களா? பெரியப்பா ஒருநாள் வந்தார். "ராஜபாளையத்துல நமக்குத் தெரிஞ்ச மில்லு ஒண்ணு இருக்குடா. சம்பளக் கணக்கு போடற கம்ப்யூட்டர் மண்டையைப் போடப் போகுதாம். போய் என்னன்னு பாரு." பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், பஸ் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடறதுக்குள்ள வந்துடும். போனேன்.

நூற்பாலை. பெயரெல்லாம் வேண்டாம். ஆபீஸ் ரூம் மூலையில ஒரு விண்டோஸ் எக்ஸ்பி பெட்டி. ஹார்ட் டிஸ்க் கொர்ர் கொர்ர்னு இருமிக்கிட்டு இருந்தது. அதுல பாக்ஸ்ப்ரோ 2.6, டாஸ் வெர்ஷன். நீல ஸ்க்ரீன், பக்கத்துல ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். காலேஜ்ல எனக்கு இதை யாரும் காட்டினதே இல்லை. மியூசியத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருந்தது.

பாக்ஸ்ப்ரோ தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. அமெரிக்காவுல பாக்ஸ் சாப்ட்வேர்னு ஒரு கம்பெனி செஞ்சது. 1992-ல் மைக்ரோசாப்ட் அந்தக் கம்பெனியையே வாங்கிடுச்சு. தொண்ணூறுகள்ல நம்ம ஊர்ப் பக்கம் மில்லு, மண்டி, கடை, ஆஸ்பத்திரின்னு எங்க கணக்கு போட்டாலும் பெரும்பாலும் டிபேஸ் இல்லாட்டி பாக்ஸ்ப்ரோதான். அப்புறம் விஷுவல் பாக்ஸ்ப்ரோ வந்தது. 2007-ல் இனிமே புது வெர்ஷன் கிடையாதுன்னு மைக்ரோசாப்ட் கையை விரிச்சது. 2015 ஜனவரியோட சப்போர்ட்டும் முடிஞ்சு போச்சு. இப்ப வர்ற 64 பிட் விண்டோஸ்ல டாஸ் ப்ரோக்ராம் நேரடியா ஓடவே ஓடாது. அதனால புதுப் பெட்டி வாங்கினாலும் இவங்களுக்குப் பிரச்சனை தீராது. ப்ரோக்ராமையே வேற மொழிக்கு மாத்தியாகணும்.

அந்த ப்ரோக்ராமைக் கட்டிக் காத்துக்கிட்டு இருந்தவர் ஒரு அண்ணாச்சி. பி.காம். படிச்சவர். 1996-ல் வெளியாள் ஒருத்தர் எழுதிக் கொடுத்துட்டுப் போனதை, அதுக்கப்புறம் இவரேதான் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு ஓட்டியிருக்கார். இஎஸ்ஐ பிடித்தம் 2019 ஜூலையில 1.75 சதவீதத்துலேர்ந்து 0.75 ஆனப்ப, எங்கெங்க மாத்தணும்னு இவருக்கு மட்டும்தான் தெரியும். சுமார் ஒன்பதாயிரம் வரி. வேரியபிள் பெயரெல்லாம் எக்ஸ்1, எக்ஸ்2, டெம்ப், டெம்ப்புதுசு. அவ்வளவு வரிக்கும் சேர்த்து ஒரே ஒரு கமெண்ட்: "டோன்ட் டச்". அதுக்குக் கீழே டோக்கன் நம்பர் 417-க்கு 50 ரூபாய் சேர்க்கற ஒரு வரி. பார்த்துட்டு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

"எவ்வளவு நாளாகும் தம்பி?"ன்னார் அண்ணாச்சி.

"ஒரு வாரம் அண்ணாச்சி"ன்னேன்.

இங்கதான் திமிர் ஆரம்பம். இப்பதான் ஏஐ இருக்கே. ஒரு மொழில எழுதின கோடைக் கொடுத்து இன்னொரு மொழில கொடுன்னா கொடுத்துடுது. நானும் பிச்சுப் பிச்சு ஒன்பதாயிரம் வரியையும் கொடுத்தேன். ரெண்டு மத்தியானத்துல பைத்தான் ரெடி. சும்மா சொல்லக் கூடாது, படிக்கறதுக்கு அவ்வளவு அழகா இருந்தது. எக்ஸ்1 எல்லாம் ஒழுங்கான பெயரோட வந்திருந்தது. எர்ரர் இல்லாம ஓடுச்சு. பத்துப் பேர் சம்பளத்தைப் பழசோட ஒப்பிட்டுப் பார்த்தேன், பைசா சுத்தமா ஒத்துப் போச்சு. அந்தப் பத்துப் பேரும் ஆபீஸ், கோன் வைண்டிங் ஆளுங்கன்னு அப்ப நான் கவனிக்கலை. பட்டியல்ல மேல இருந்தவங்களை எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான்.

அந்த மாசம் அண்ணாச்சிக்குக் கண் ஆபரேஷன், லீவுல போயிட்டார். நான் புது ப்ரோக்ராம்லயே சம்பளத்தைப் போட்டு, ஸ்லிப்பையும் அடிச்சுக் கொடுத்துட்டேன்.

சம்பளத்துக்கு மறுநாள் ஸ்பின்னிங்ல சைடு பார்க்கற ஒரு அண்ணன் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னார். ஐம்பது வயசிருக்கும். தலையிலயும் புருவத்துலயும் பஞ்சு. ஸ்லிப்பை நீட்டி, "தம்பி, நைட்டு பேட்டா விட்டுப் போச்சு போல, கொஞ்சம் பாருங்களேன்"ன்னார். கோபமே இல்லை. திட்டியிருந்தா எவ்வளவோ தேவலாம். பன்னிரண்டு நைட், நைட்டுக்கு இருபத்தஞ்சு, மொத்தம் முன்னூறு ரூபாய். அவருக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு பேர். எடுத்துப் பார்த்தா நாற்பத்தி மூணு பேருக்கு விட்டுப் போயிருக்கு. அதுல முக்காவாசிப் பேர் கேட்கவே வரலை. மில்லு குறைச்சுடுச்சு போலன்னு நினைச்சுக்கிட்டுப் போயிருக்காங்க.

அன்னிக்கு ராத்திரி பஸ்ல தூக்கம் வரலைங்க.

வீட்டுக்கு வந்து ரெண்டு கோடையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். பழசுல இருந்தது, டெப்ட் = "எஸ்பி"ன்னா பேட்டா கொடு. புதுசுல இருந்தது, டெப்ட் == "எஸ்பி"ன்னா பேட்டா கொடு. அதே வரி! எஸ்பின்னா ஸ்பின்னிங். எங்கய்யா தப்பு?

விடிகாலை மூணு மணிக்குத்தான் பிடிபட்டது. ஸ்பின்னிங் ஆளுங்க யாருக்கும் டெப்ட் "எஸ்பி" கிடையாது. "எஸ்பி1", "எஸ்பி2"ன்னுதான் இருக்கு. பைத்தானுக்கு "எஸ்பி1"-ம் "எஸ்பி"-யும் வேற வேற, முடிஞ்சது கதை. ஆனா பாக்ஸ்ப்ரோவுல செட் எக்ஸாக்ட்னு ஒரு அமைப்பு இருக்கு. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா அது ஆஃப்ல இருக்கும். ஆஃப்ல இருந்தா, சமக்குறிக்கு வலது பக்கம் இருக்கற எழுத்து தீர்ந்து போற வரைக்கும்தான் ஒப்பிடும். அதாவது "ராஜபாளையம்" = "ராஜ"ன்னு கேட்டா ஆமான்னு சொல்லும். "ராஜ" = "ராஜபாளையம்"னு திருப்பிக் கேட்டா இல்லைங்கும்! வலது பக்கம் ஒண்ணுமே இல்லாம வெத்து மேற்கோள் குறி போட்டா எதைக் கேட்டாலும் ஆமாம்தான். (மாப்பிள்ளை பார்க்கற தரகர் மாதிரி.)

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, செட் எக்ஸாக்ட் ஆஃப்ங்கற வரி அந்த ஒன்பதாயிரத்துல எங்கயுமே இல்லை. யாரும் எழுதலை, எழுதத் தேவையும் இல்லை. வரிக்கு வரி மொழிபெயர்த்தா, இல்லாத வரியை எப்படிப் பெயர்க்கறது? ஏஐயைக் குறை சொல்லியும் பிரயோஜனம் இல்லை. அப்புறம் கேட்டப்ப அதுவே இந்த விஷயத்தை அழகா விளக்கிச்சு. நான் கேட்கலை, அதுவும் சொல்லலை. எழுதினதை அது மாத்திக் கொடுத்துச்சு. எழுதாம விட்டது அந்த மில்லோட முப்பது வருஷப் பழக்கத்துலயும் அண்ணாச்சி தலைக்குள்ளயும் இருந்தது.

விட்டுப் போன பேட்டாவை அந்த வாரமே கொடுக்க வெச்சோம். அண்ணாச்சி பச்சைக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் திரும்பி வந்ததும் கால் கிலோ பால்கோவாவோட போய் சரணடைஞ்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொன்னார், "அது தன்னால நடந்ததுன்னு நெனச்சீங்களா தம்பி? 2006-ல் புது ஷெட்டு போட்டப்ப ஸ்பின்னிங்கை ரெண்டாப் பிரிச்சாங்க. ப்ரோக்ராம்ல எங்கெல்லாம் எஸ்பி வருதோ அங்கெல்லாம் மாத்தணும்னா நான் செத்தேன். எஸ்பி1, எஸ்பி2ன்னு பேர் வெச்சா ஒரு வரியும் தொட வேண்டாமேன்னு அப்படி வெச்சேன்." நான் பக்குன்னு நினைச்சது அவரோட டிசைன்!

அண்ணாச்சிக்கு வீட்ல தெலுங்கு. ராஜபாளையத்துல அது ஒண்ணும் அதிசயம் இல்லை. அன்னிக்கு அவர் சொன்ன ஒரு கதையைத்தான் இப்ப ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறேன். அவருக்கு குண்டூர்ப் பக்கம் சம்பந்தம். வீடு கட்டறப்ப அங்கேர்ந்து ஒரு மாமா வந்திருந்தார். இங்க ஒரு கடைல போய்த் தெரிஞ்ச தமிழ்ல, "நமக்கு ரெண்டு மூட்டை சிமெண்ட் அவசரம்"னு சொல்லிட்டு வந்துட்டார். கடைக்காரர் பதறிப் போய், பையனைச் சைக்கிள்ல விரட்டி, சாப்பாட்டு நேரத்துல மூட்டையை இறக்கிட்டார். மாமாவுக்கு ஒண்ணும் புரியலை. தெலுங்குல அவசரம்னா தேவைன்னு அர்த்தம். தமிழ்ல சீக்கிரம். சொல் அதே சொல்தான். "தெரியாத வார்த்தைன்னா கேட்டுப்போம் தம்பி. தெரிஞ்ச வார்த்தைதான் ஆளைக் கவுக்கும்"ன்னார் அண்ணாச்சி.

இது மட்டும்தான்னு பார்த்தா, இன்னும் ரெண்டு "அவசரம்" உள்ளே உட்கார்ந்திருந்தது. முதல் அவசரம், ரவுண்டு. பிஎஃப் பிடித்தத்துல ஐம்பது பைசாவோ அதுக்கு மேலயோ வந்தா அடுத்த ரூபாய்க்கு ஏத்தணும். பாக்ஸ்ப்ரோவுல ரவுண்டுன்னா அதைத்தான் செய்யும். பைத்தான் 3-லயும் ரவுண்டுன்னே ஒண்ணு இருக்கு. ஆனா அது சரியா அரையில நின்னா பக்கத்துல இருக்கற இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். 2.5 வந்தா 2, 3.5 வந்தா 4. நிறைய எண்களைக் கூட்டறப்ப எல்லா அரையும் மேலேயே ஏறி மொத்தம் வீங்கிடக் கூடாதுன்னு அப்படி. காரணம் நியாயமானதுதான், ஆனா பிஎஃப் ஆபீஸுக்கு அது ஒத்துவராது. சம்பளம் 10,037 ரூபாய் 50 பைசான்னு வெச்சுக்கோங்க, 12 சதவீதம் 1204.50. பாக்ஸ்ப்ரோ 1205ங்கும், பைத்தான் 1204ங்கும். ஒத்த ரூபாய்தானேன்னு கேட்கலாம். தொழிலாளியோட பேர்ல சேர வேண்டிய ரூபாய், அதுவும் மாசாமாசம்.

ரெண்டாவது, செத்தவங்க திரும்பி வந்தது. பயப்படாதீங்க, பேய்க்கதை இல்லை. பாக்ஸ்ப்ரோவுல டெலீட்னு சொன்னா ரெகார்டு அழியாது. வரிசையோட முதல் பைட்ல ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். பேக்னு தனியா ஒரு கட்டளை கொடுத்தாத்தான் நிஜமாவே போகும். அண்ணாச்சி பேக் கொடுக்கறதே கிடையாது. "யாராவது திரும்பி வேலைக்கு வந்தா எதுக்கு மறுபடி டைப் அடிக்கணும்"னு விட்டு வெச்சிருந்தார். நான் டேட்டாவைப் புது டேட்டாபேஸுக்கு ஏத்த நானே ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன். முதல் பைட் என்னத்துக்குன்னு தெரியாம அதைத் தாண்டிட்டுப் படிச்சேன். பட்டியல் அடிச்சுக் கொடுத்தப்ப அண்ணாச்சி விரலை வெச்சுப் படிச்சுக்கிட்டே வந்தார். ஒரு இடத்துல விரல் நின்னுது. கொஞ்ச நேரம் பேசலை. "இவர் 2003-லயே தவறிட்டார் தம்பி. என்னைய வேலைக்குச் சேர்த்துவிட்டதே இவர்தான்"ன்னார். அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

சரி, என் கட்சி என்னன்னு சொல்லணும்ல. நம்ம சென்னை நண்பர் ஒருத்தர் இதைக் கேட்டுட்டு, "அந்தக் குப்பையை எதுக்குடா கட்டி அழறே, தூக்கிப் போட்டுட்டு புதுசா டிசைன் பண்ணி எழுது"ன்னான். அவன் மட்டும் இல்லை, நம்ம தொழில்ல பாதிப் பேர் இதைத்தான் சொல்லுவோம். அடுத்தவன் எழுதின கோடு நமக்கு எப்பவுமே குப்பைதான். நான் இதுக்கு நேர் எதிர்க் கட்சிக்கு மாறிட்டேன். மொழி மாத்தறப்ப மொழியை மட்டும் மாத்தணும். திருத்தறது, அழகு படுத்தறது, இது எதுக்குன்னு தெரியலையேன்னு தூக்கறது எல்லாம் அப்புறம் தனியா, ஒவ்வொண்ணா. ரெண்டையும் சேர்த்துச் செஞ்சா, கணக்கு மாறிப் போனப்ப அது மொழிபெயர்ப்புத் தப்பா, நாம பண்ணின திருத்தமான்னு கண்டுபிடிக்க வழியே இருக்காது.

இது நம்ம மில்லுக் கணக்குக்கு மட்டும் இல்லைங்க. 2025 மார்ச்சுல மைக்ரோசாப்ட் டைப்ஸ்க்ரிப்ட் கம்பைலரை கோ மொழிக்கு மாத்தறோம்னு அறிவிச்சாங்க. அதுக்குத் தலைவர் ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க். டர்போ பாஸ்கல், சி ஷார்ப் எல்லாம் அவர் கைவண்ணம். சொந்தப் பிள்ளை சி ஷார்ப்பை விட்டுட்டு ஏன் கோ, ஊரே கொண்டாடற ரஸ்ட் ஏன் இல்லைன்னு பெரிய சண்டை. அவங்க பதிலோட சாரம் இதுதான்: நாங்க புதுசா எழுதலை, இருக்கறதை அப்படியே பெயர்க்கறோம், பழைய கோடோட அமைப்பு குலையாம ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் கொண்டு போக கோ தோதா இருக்கு. விஎஸ் கோடோட பதினஞ்சு லட்சம் வரியைச் சரிபார்க்க 77.8 செகண்ட் எடுத்தது 7.5 செகண்டுக்கு வந்ததுன்னு காட்டினாங்க. நமக்கு வேகம் முக்கியம் இல்லை. ஹெல்ஸ்பெர்க் மாதிரி ஆளே புதுசா எழுத ஆசைப்படாம அப்படியே பெயர்க்கறேன்னு உட்கார்ந்தார் பாருங்க, அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆனா "அப்படியே"ங்கறது வரிக்கு வரி இல்லை. அந்தப் பாடத்தைத்தான் முன்னூறு ரூபாய் கணக்குல நாற்பத்தி மூணு பேர் செலவுல நான் படிச்சேன். எதுக்கு விசுவாசமா இருக்கணும்னா, பழசு என்ன எழுதியிருந்துச்சுங்கறதுக்கு இல்லை, பழசு என்ன செஞ்சுதுங்கறதுக்கு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சவர் டொனால்ட் குனூத். அவர் டெக் மென்பொருளை பாஸ்கலை அடிப்படையா வெச்சுச் செஞ்ச வெப்ங்கற முறையில எழுதினார். இன்னிக்கு நிறைய இடத்துல அதை வெப்2சிங்கற கருவியால சி மொழிக்கு மாத்தித்தான் ஓட்டறாங்க. அப்ப எது நிஜமான டெக்? குனூத் ஒரு பரீட்சை வெச்சிருக்கார், ட்ரிப் டெஸ்ட்னு பேர். மனுஷன் யாரும் அடிக்கவே அடிக்காத கோணங்கி உள்ளீடெல்லாம் அதுல இருக்கும். அதுல பாஸ் ஆனாத்தான் டெக்னு பேர் வெச்சுக்கலாம். நான் எடுத்த பத்துப் பேர் டெஸ்டை நினைச்சுப் பார்த்தேன், வெட்கமா இருந்தது.

எதிர்க்கேள்வி கேளுங்க. பழசைப் பார்த்து மாத்தி எழுதறது தப்புன்னா, எங்க ஊர்க் கதையையே கிருஷ்ணதேவராயர் தெலுங்குல எழுதலையா? ஆமுக்தமால்யதா. தலைப்பு என்னவோ பதம் பதமா நம்ம சூடிக்கொடுத்தவள்தான். உள்ளே போனா பெரியாழ்வார், மதுரை பாண்டியன் சபை, யாமுனாச்சாரியார் சொல்ற ராஜநீதி, மழைக்கால வர்ணனைன்னு அவர் பாட்டுக்கு விரிச்சுக்கிட்டே போவார். பிரமாதமான காவியம்னு தெலுங்கு தெரிஞ்சவங்க கொண்டாடறாங்க. எழுதலாம், ராஜா எழுதலாம். அதனால ஆண்டாளுக்கு ஒரு மாலையும் குறையலை, யாருக்கும் நைட்டு பேட்டாவும் போகலை. சம்பளக் கணக்குல நாம கிருஷ்ணதேவராயர் ஆகக் கூடாது, அவ்வளவுதான் என் கட்சி.

நண்பன் சொன்னதுலயும் ஒரு நியாயம் இருக்கு, மறைக்கக் கூடாது. பழைய தப்பையும் சேர்த்துச் சுமந்தா புது ப்ரோக்ராமும் பத்து வருஷத்துல குப்பையாத்தான் நிக்கும். அதனால நான் ஒரு நோட்டு போட்டேன். இது தப்பு மாதிரி தெரியுதுன்னு தோணற ஒவ்வொண்ணையும் அதுல எழுதறது, அண்ணாச்சிகிட்ட கேட்கறது. இதுவரைக்கும் அறுபத்தி ரெண்டு எழுதியிருக்கேன். அதுல நிஜமாவே தப்பு பதினொண்ணு. பாக்கியெல்லாம் யாரோ எப்பவோ பேசி முடிச்ச ஒப்பந்தம், அரசாங்க விதி, இல்லாட்டி அண்ணாச்சியோட சாமர்த்தியம். நான் குப்பைன்னு நினைச்சதுல அஞ்சுல நாலு குப்பை இல்லை.

அப்புறம் இன்னொண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டாம ஒரே ராத்திரியில மாத்தவே கூடாது. இங்கிலாந்துல டிஎஸ்பி பேங்க் 2018 ஏப்ரல்ல ஒரு வாரக் கடைசியில மொத்தமா புது சிஸ்டத்துக்குத் தாவினாங்க. பத்தொன்பது லட்சம் பேர் வரைக்கும் கணக்கைத் தொட முடியாம தவிச்சாங்க. 2022-ல் அபராதம் மட்டும் 4.865 கோடி பவுண்டு. அது கோடை மொழிபெயர்த்த கதை இல்லை, சிஸ்டத்தையே மாத்தின கதை. ஆனா ஒரே மூச்சுல தாவினா என்ன ஆகும்ங்கறதுக்கு அது போதும். நான் தாவினதும் அதே மாதிரிதான், பள்ளம் சின்னதா இருந்ததால பொழைச்சேன்.

இப்ப எங்க ஏற்பாடு இது. பழைய பாக்ஸ்ப்ரோவை டாஸ்பாக்ஸ்ங்கற மென்பொருள் மூலமா புதுப் பெட்டியிலயே ஓட்டறோம். மாசாமாசம் அண்ணாச்சி அதுல சம்பளம் போடுவார், அதுதான் செல்லும். நான் பைத்தான்ல போடுவேன். ரெண்டு பட்டியலையும் மோத விட்டு, எங்க ஒரு பைசா உதைக்குதோ அங்க உட்கார்ந்து பேசுவோம். முதல் மாசம் இருநூத்திச் சொச்சம் வித்தியாசம். மூணாவது மாசம் பதினாறு. ரெண்டு மத்தியானத்துல முடிச்ச வேலைக்கு இப்ப ஆறு மாசமா பஸ் ஏறிக்கிட்டு இருக்கேன்.

இதுல அண்ணாச்சி பக்கத்தையும் சொல்லணும். நான் முதல் நாள் போனப்ப அவர் சரியாவே முகம் கொடுக்கலை. தன்னை அனுப்பத்தான் இந்தப் பையனைக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு நினைச்சிருக்கார். நானும் அப்படித்தான் நடந்துக்கிட்டேன், அவர்கிட்ட ஒரு கேள்வி கேட்காம கோடை மட்டும் பென் டிரைவ்ல வாங்கிட்டு வந்துட்டேன். 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல நியூ ஜெர்சி கவர்னர் டிவியில வந்து, கோபால் தெரிஞ்சவங்க யாராவது உதவிக்கு வாங்கன்னு கேட்டார். கொரோனாவுல வேலை போனவங்களுக்குப் பணம் கொடுக்கற சிஸ்டம் நாற்பது வருஷப் பழசு. அங்கயும் ஒரு அண்ணாச்சியைச் சத்தமில்லாம ரிடயர் பண்ணி அனுப்பியிருப்பாங்க போல. கோபால் மொழியைப் புத்தகத்துல படிச்சுக்கலாம். எஸ்பி1-க்கு ஏன் அந்தப் பேர்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?

போன மாசம் ஒப்பிட்டப்ப ஒரே ஒரு வரிதான் வித்தியாசம் வந்தது. டோக்கன் 417, ஐம்பது ரூபாய். ஏஐ பெயர்த்தப்பவே அந்த வரியைத் தேவையில்லைன்னு நான்தான் தூக்கியிருந்தேன். ஒரு ஆளோட நம்பரை கோடுக்குள்ள எழுதறதாவது, முதல் வருஷ பசங்க கூட பண்ண மாட்டாங்கன்னு நினைச்சு. அத்தனை மாசமா அது ஏன் தெரியலைன்னா, அவர் உடம்பு சரியில்லாம லீவுல இருந்து போன மாசம்தான் திரும்பி வந்திருக்கார்.

அண்ணாச்சிகிட்ட கேட்டேன். 2001-ல் மெஷின்ல அவருக்கு ரெண்டு விரல் போச்சாம். நஷ்ட ஈடு சட்டப்படி கிடைச்சது. அது போக, அப்ப இருந்த மேனேஜர், "இவர் இங்க வேலை பார்க்கற வரைக்கும் மாசம் ஐம்பது ரூபாய் போட்டுடுங்க"ன்னு வாயால சொல்லியிருக்கார். பேப்பர் ஒண்ணும் கிடையாது. அந்த மேனேஜரும் இப்ப இல்லை. இருக்கறது இந்த ஒரு வரிதான், மேல டோன்ட் டச்.

அந்த வரியைத் திரும்பப் பைத்தான்ல போட்டேன். மேல கமெண்ட் தமிழ்ல, அண்ணாச்சி சொல்லச் சொல்ல நான் டைப் அடிச்சேன், ஏழு வரி வந்தது. அடிச்சு முடிச்சதும் ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொன்னார். "மேனேஜர் சொன்னார்னு போடாதீங்க, மில்லு சொன்னுச்சுன்னு போடுங்க. அப்பத்தான் நிக்கும்"ன்னார். மாத்தினேன்.

அடுத்தது பருத்தி ஸ்டாக் ப்ரோக்ராம். பதினாலாயிரம் வரி. அண்ணாச்சி மார்ச்சோட ரிடயர் ஆகறார். அதனால சனிக்கிழமையும் பஸ் ஏறறேன், பதிவு வரலைன்னா கோச்சுக்காதீங்க மக்கா.